தூரத்துச் சொந்தம்

காது குத்திய அன்றைக்கு என் மகள் அழுத சத்தம் எனக்கு நினைவில்லை. என் தம்பி அழுத சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. பத்தர் ஊசியைக் கையில் எடுத்ததுமே அவன் ஆரம்பித்துவிட்டான். அவன் மடியில் கிடந்த பிள்ளை வீறிட்டது ஒரு கணம்தான். நாக்கில் சர்க்கரையைத் தொட்டு வைத்ததும் அடங்கிப் போனது. இவன் அடங்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன், தாய்மாமன் என்று புது வேட்டி கட்டி மணையில் உட்கார வைத்தவன், "வேண்டாம்க்கா, விட்டுடச் சொல்லுக்கா" என்று கோயில் மண்டபமே எதிரொலிக்கத் தேம்பினான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். போட்டோக்காரர் அந்தச் சமயம் பார்த்து எடுத்துவிட்டார்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்களா? உங்கள் மடியில் இருக்கிற ஃபைலைப் பார்த்தேன். சாத்தூரில் ஏறினதிலிருந்து பார்க்கிறேன், பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீர்கள். ஜன்னல் பக்கம் தூங்குவது மகளா? கழுத்தில் புதுத் தாலி. விசாவுக்குத்தானே? நினைத்தேன். நானும் அந்த மாதிரி ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு போனவள்தான் தங்கச்சி. மதுரை வருகிறவரைக்கும் பேச்சுத் துணையாச்சு, கேளுங்கள்.

அந்தத் தம்பி பேர் காளிராஜ். எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. அப்பா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. துக்கத்துக்குப் போனவள் அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்குத் திரும்பினேன். என் வீட்டுக்காரருக்கு காராச்சேவுக் கடை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே ஒன்றும் சொல்ல மாட்டார். சேவு பிழிகிற அச்சு மாதிரி, எந்த மாவைப் போட்டாலும் அவர் வாயிலிருந்து ஒரே வார்த்தைதான் வரும்: "யோசிச்சுக்கோ."

காளிராஜை நான்தான் வளர்த்தேன். குளிப்பாட்டினேன், அடித்தேன், படிக்க வைத்தேன். அவன் என் மகளை வளர்த்தான். சங்கரேஸ்வரி என்று பேர், சங்கரி என்று கூப்பிடுவோம். அவளைத் தூக்கிக்கொண்டுதான் தெருவில் பம்பரம் விடுவான். இடுப்பில் பிள்ளை, கையில் சாட்டை. எஞ்சினியர் ஆனான், அமெரிக்கா போனான், அங்கேயே நிரந்தரமாக இருக்கலாம் என்று கிரீன் கார்டும் வாங்கினான். அன்றைக்குத் தெரு முழுக்க மிக்சர் பொட்டலம் கொடுத்தோம். கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. நிரந்தரம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது நல்ல வார்த்தையா தங்கச்சி?

அப்புறம் ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் பின்னால் ஒரு பெண் சிரித்தாள். "யார்டா அது?" என்றேன். "கூட வேலை பாக்குறவங்கக்கா" என்றான். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பு வேலை பார்க்கிற இடத்தில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. சமையல்கட்டில் சிரிக்கிற சிரிப்பு. என் பயம் அங்கேதான் ஆரம்பித்தது. கையில் இருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்கத் தேடினேன். போய்விடுவான். யாரோ ஒருத்தி கொண்டுபோய்விடுவாள். தீபாவளிக்கு வரமாட்டான், அப்புறம் போன் வராது, அப்புறம் அக்கா என்று ஒருத்தி இருந்தாள் என்பதே அவனுக்கு மறந்து போகும்.

வீட்டிலேயே பெண் இருக்கிறது. முறையான பெண். அக்கா மகள். தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா? எங்கள் பக்கம் வெளியில் மாப்பிள்ளை பார்த்தால்கூட முதலில் தாய்மாமனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பார்ப்பார்கள். நானும் என் வீட்டுக்காரரும்கூட அந்த மாதிரிச் சொந்தம்தான். அவர் எனக்குச் சின்ன மாமா.

அவனிடம் சொன்னேன். "அக்கா, நான் தூக்கி வளத்த பிள்ளைக்கா" என்றான். "அதனாலதான்டா சொல்றேன். நீ தூக்கி வளத்ததை வேற எவன் கையிலயோ குடுக்கவா?" என்றேன். கூச்சம் அவனுக்கு. ஒரு மாசம் போன் பண்ணவில்லை. நான் சாப்பாட்டை நிறுத்தினேன். பிடிவாதத்துக்கு இல்லை, இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சங்கரிதான் அவனுக்குச் சொன்னாள். உடனே பேசினான். "சரிக்கா. நீ சொன்னபடி செய்யி" என்றான். தங்கமான பிள்ளை.

சங்கரி அப்போது எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்திருந்தாள். மேலே படிக்கணும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "மாமாவை எப்படிம்மா?" என்று ஒரு தடவை கேட்டாள். "எப்படின்னா? உன்னைப் பத்தி ஒண்ணும் தெரியாத எவனோ ஒருத்தன் நல்லவனாடி, மாமா நல்லவனாடி?" என்றேன். "மாமா நல்லவருதாம்மா" என்றாள். அப்புறம் பேசவில்லை. சம்மதம் என்றால் நம் பெண்கள் வாயால் சொல்லுவார்களா?

சாத்தூர் மண்டபத்தில் ஊரைக் கூட்டிச் செய்தோம். தாலி கட்டும்போது காளிராஜ் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக்காரியிடம், "பாரு, தாயில்லாப் பிள்ளை, சந்தோஷம் தாங்கலை" என்றேன். இரண்டு வாரம் லீவில் வந்தவன் வீடு, கோயில், விருந்து என்று ஓடினான். சங்கரி என் பக்கத்தில் வந்துதான் படுத்துக்கொள்வாள். இருக்கட்டும், போன பிறகு குடும்பம் நடத்தத்தானே போகிறாள், அதுவரைக்கும் அம்மா சூட்டில் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவன் போனதும் மனு போட்டான். அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் மனைவியைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளலாமாம். கிரீன் கார்டு மட்டும் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டுமாம். உங்களுக்குத் தெரிந்திருக்குமே. ஒரு வருஷம் போனது. இன்னொன்றும் போனது. சங்கரி வீட்டிலிருந்தபடியே பி.எட். படித்தாள். தெருவில் கேட்பார்கள், "இன்னும் போகலையா? அவரு கூப்பிடலையா?" கடைக்கு வருகிறவர்கள் கால் கிலோ சேவு வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் அதையே கேட்பார்கள். போனில் அவனும் அவளும் ரெண்டு நிமிஷம் பேசுவார்கள். "சாப்டியா?" "சாப்டேன் மாமா." "படிக்கிறியா?" "படிக்கிறேன் மாமா." அப்புறம் போன் என்னிடம் வந்துவிடும்.

ஒருவழியாக மும்பைக்கு வரச்சொல்லி இன்டர்வியூ வந்தது. மதுரையில் ஜெயசீலன் என்று ஒருத்தர், விசாவுக்குத் தயார் பண்ணி அனுப்புகிறவர், அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன ரூம், பெரிய ஏ.சி. சங்கரியை எதிரில் உட்கார வைத்து, தானே அதிகாரி மாதிரிக் கேட்டார்.

"உங்க ஹஸ்பண்டுக்குப் பிடிச்ச சாப்பாடு?"

சங்கரி யோசித்தாள். நான் சொன்னேன், "சுண்டவத்தக் குழம்பு, சுட்ட அப்பளம்."

"எந்தப் பக்கம் படுப்பார்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எடது பக்கம் ஒருக்களிச்சு, ரெண்டு காலையும் மடக்கிக்குவான். போர்வை மூஞ்சி வரைக்கும் வேணும்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா, விசா உங்களுக்கா, பொண்ணுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கரிக்கு வரவில்லை.

"இதெல்லாம் தெரியாம உள்ள போனா, விசாவுக்காகக் கட்டின கல்யாணம்னு தூக்கிப் போட்டுருவாங்க. பழக்கம் இருந்ததுக்கு ஆதாரம் வேணும். கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இல்லாமலா? இதற்காகத்தான் கொண்டுவந்திருந்தேன். கைப்பையிலிருந்து அந்தக் காது குத்துப் போட்டோவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதவிட ஆதாரம் வேணுமா சார்? பிறந்ததிலருந்து பழக்கம். இந்தா, மடியில இருக்கறது இவ. அழுறது மாப்பிள்ளை."

அவர் போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மாப்பிள்ளை உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் பிறந்த தம்பி."

"அம்மா, மெதுவாப் பேசுங்க."

அங்கேதான் தங்கச்சி எனக்கு உடம்பு சில்லிட்டது. ஏ.சி.யால் இல்லை. அவர் சொன்னது முழுக்க எனக்குப் புரியவில்லை, புரிந்தவரைக்கும் சொல்கிறேன். காளிராஜ் இருக்கிற மாநிலத்தில் அக்கா மகளைக் கட்டினால் அது கல்யாணமே இல்லையாம். அதோடு போனால்கூடப் பரவாயில்லை. அது குற்றமாம். வாய் கூசுகிற ஒரு பேர் சொல்லி அதைச் சொல்வார்களாம். "உங்க தம்பி கார்டுக்கே ஆபத்து வந்தாலும் வரலாம். நான் கேக்கலை, நீங்க சொல்லலை. இந்தப் போட்டோவை எரிச்சிடுங்க. எப்படித் தெரியும்னு கேட்டா, தூரத்துச் சொந்தம், வீட்ல பேசி முடிச்சாங்கன்னு மட்டும் சொல்லணும்" என்றார்.

பத்திரிகை அடித்து, சாமிக்கு வைத்து, நாலு ஊர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணம். அது எப்படிக் குற்றமாகும்? பஸ்ஸில் திரும்பி வரும்போது யாராவது எங்களைப் பார்த்தால்கூட எனக்குப் பதறியது. சங்கரி மட்டும் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "அங்க அது கல்யாணமே இல்லையாம்மா?" என்று கேட்டாள். ஊர் வருவதற்குள் இரண்டு தடவை கேட்டாள். "வாயை மூடுடி" என்றேன். பிள்ளை பயந்து போயிருந்தாள்.

எரிக்க மனசு வரவில்லை. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். குளிக்கும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் அவளைச் சொல்ல வைத்தேன். மாவு ஆட்டும்போது, துணி மடிக்கும்போது. "அவரு உனக்கு என்ன வேணும்?" "தூரத்துச் சொந்தம்." "எவ்வளவு தூரம்?" "தெரியாதும்மா. ரொம்ப தூரம்." நன்றாகத்தான் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு வந்து, "அந்தப் பிள்ளைய இவ்வளவு பாடாப் படுத்தணுமா? யோசிச்சுக்கோ" என்றார். அதிசயமாக ஒரு வாக்கியம் கூடச் சொன்னார்.

"யோசிக்காமத்தான் எனக்குத் தூக்கம் வரலையாக்கும்" என்றேன்.

மும்பையில் நல்ல மழை. மாதுங்காவில் நம் ஆட்கள் நடத்துகிற லாட்ஜில் தங்கினோம். நான் ஃபைலை எத்தனை தடவை பிரித்தேன், எத்தனை தடவை அடுக்கினேன் என்று எனக்கே தெரியாது. கல்யாண போட்டோக்களில் நான் அவன் தலையைத் தடவுகிற மாதிரி ஒன்று இருந்தது. அக்கா தம்பி என்று ஜாடை காட்டிக் கொடுத்துவிடும் என்று அதை எடுத்துவிட்டேன். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அந்த மூக்கைப் பற்றியே ஒரு வாரம் பயந்தேன். அதனால்தான் உங்களுக்கும் சொல்கிறேன், கடைசியாக அந்த ஃபைலை யார் தொட்டார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளே அவளை மட்டும்தான் விட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் எதிர்ப்பக்கம் நடைபாதையில் ஒரு குடைக்குள் நின்றோம். காவலுக்கு நின்றவன் இந்தியில் ஏதோ சொல்லித் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னான். தள்ளித் தள்ளிப் போய் மறுபடி அதே இடத்துக்கு வந்தோம். ஜெயசீலன் சொல்லி அனுப்பியிருந்தார்: "பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்கன்னா நல்ல சேதி. கையை வீசிட்டு வருவா. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டா வேற மாதிரி." அதனால் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெளியில் வருகிறவர்களின் கையை மட்டும் பார்த்தேன். ஒரு பஞ்சாபிக்காரப் பெண் வெறுங்கையோடு ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டது. ஒரு பெரியவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றார். நான் வேண்டிக்கொண்டே நின்றேன். ஊரில் உள்ள சாமி ஒன்றையும் விடவில்லை.

சங்கரி வந்தாள். கையில் பாஸ்போர்ட்.

குடையைக்கூட அவளுக்குப் பிடிக்கத் தோன்றவில்லை. "என்னடி கேட்டாங்க? என்னடி சொன்ன?"

"போட்டோ கேட்டாங்கம்மா. குடுத்தேன். ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்த ஆபீசரம்மா, ஒரு போட்டோவை எடுத்து, இந்தக் குழந்தை யாருன்னாங்க. நான்னேன். இந்தப் பையன் யாருன்னாங்க. என் புருஷன்னேன். குழந்தையை ஏன் இவர் வச்சிருக்கார்னாங்க. எங்கம்மாவோட தம்பி, எங்க ஊர் வழக்கப்படி தாய்மாமன் மடியில வச்சுத்தான் காது குத்துவாங்கன்னேன்."

"எந்தப் போட்டோ?"

"அந்தப் போட்டோதாம்மா."

பீரோவில் பூட்டி வைத்தது எப்படி மும்பைக்கு வந்தது? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. மழைக்காலம் பாருங்கள், போட்டோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புடவையை எடுக்கும்போது கல்யாண ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். வேறு எப்படி? அதிகாரி முன்னால் நின்றதும் பிள்ளை அரண்டு போய் உண்மையை உளறியிருக்கிறாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. நான் அப்படி வளர்க்கவில்லை.

திரும்பும் வழியில் மாதுங்கா ஹோட்டலில் உட்கார்ந்தோம். எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. சங்கரி இரண்டு பிளேட் இட்லி சாப்பிட்டாள். அப்புறம் ஒரு நெய் ரோஸ்ட். மாதக்கணக்கில் கொறித்துக்கொண்டிருந்த பெண், சாம்பாரை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டாள். அதிர்ச்சியில் சில பேருக்குப் பசி எடுக்குமாம். என் வீட்டுக்காரர் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு காப்பி சொல்லவா தாயி?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் ஏமாற்றம்தானே.

காளிராஜுக்குச் சொன்னேன். போனில் பெரிதாக மூச்சுவிட்டான். "பரவால்லக்கா. விடுக்கா" என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறான், பாவம், தன் வாழ்க்கை போனது போதாதென்று.

அப்புறம் வந்ததுதான் பெரிய பயம். மனு செல்லாது என்று பதில் வந்துவிட்டது. அது போகட்டும். அவனை என்ன செய்வார்கள்? பிடித்துக்கொண்டு போவார்களா? விலங்கு போடுவார்களா? போன் அடித்தால் எடுக்க மாட்டேன். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் கொல்லைக்குப் போய்விடுவேன். அமெரிக்காவில் நடக்கிற கேஸுக்குச் சாத்தூரில் ஏன் ஜீப் வருகிறது என்று கேட்காதீர்கள். பயத்துக்கு அதெல்லாம் தெரியாது. அந்த வருஷம்தான் எனக்கு முடி இப்படி வெளுத்தது. அவனை ஒன்றும் செய்யவில்லை. யாரும் ஒன்றும் கேட்கக்கூட இல்லை.

அப்படி ஓய்ந்திருந்தபோதுதான் சங்கரி சொன்னாள், "அம்மா, நானும் மாமாவும் பேசிட்டோம். கோர்ட்ல எழுதிக் குடுத்துப் பிரிஞ்சுக்கறோம்." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரெண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாதவர்கள், எப்போது இவ்வளவு பேசினார்கள்? வேறு நாட்டில் செல்லாவிட்டால் என்ன, இங்கே செல்லுமே, அவன் திரும்பி வந்துவிட்டால் போகிறது என்று எவ்வளவோ சொன்னேன். சாப்பாட்டையும் நிறுத்திப் பார்த்தேன். இந்தத் தடவை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "எப்பப் பசிக்குதோ சாப்பிடும்மா" என்று போய்விட்டாள்.

அவன் வந்தான். கோர்ட்டில் கூப்பிடுகிறவரைக்கும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு பெஞ்சில். அவர்கள் ரெண்டு பேரும் எதிர்ப் பெஞ்சில், நடுவில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம். அவன் ஏதோ சொன்னான், அவள் அவன் தோளில் அடித்துச் சிரித்தாள். "போ மாமா, பொய் சொல்ற" என்றாள். கல்யாணத்துக்கப்புறம் அவர்கள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பக்கென்றது. கோர்ட்டில் உட்கார்ந்து சிரிக்கிறார்களே, பிரிகிறவர்களா இவர்கள் என்று ஜட்ஜ் சந்தேகப்பட்டுவிட்டால்? போய், "சிரிக்காதீங்கடா" என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "பயப்படாதக்கா" என்றான். ஏர்போர்ட்டுக்கு அவனை வழியனுப்பப் போனவள் சங்கரிதான். எனக்குக் கால் வீங்கியிருந்தது.

திருமங்கலம் வந்துவிட்டதே, இன்னும் கொஞ்ச தூரம்தான். மகளை எழுப்புங்கள், ஃபைலை விட்டுவிட்டு இறங்கிவிடப் போகிறீர்கள். நான் ஆரப்பாளையம் போய்க் கோயம்புத்தூர் பஸ் பிடிக்கணும். சங்கரியைப் பார்க்கத்தான். நான் வருவது அவளுக்குத் தெரியாது. சொன்னால், லீவு இல்லை, பேப்பர் திருத்தணும், அடுத்த மாசம் வா என்பாள். போனதடவை போனபோது பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். இன்றைக்கும் பூட்டியிருக்குமோ என்று ஏறினதிலிருந்து அடித்துக்கொள்கிறது. அதனால்தான் இவ்வளவு பேசிவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்.

காளிராஜா? அங்கேயே கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். எனக்குச் சொல்லவில்லை. எப்படியும் எனக்கு விசா கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பான். சங்கரி கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறாள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.